முத்துப் பார் முதல் அனல் நிலையம் வரை

ஈழத்தின் வடமேற்குக் கரை பண்டுதொட்டு முத்தினாற் பெயர் பெற்றது. மன்னார்க் கடலிலுள்ள பார்கள் தொடங்கி, குதிரைமலை முனைக்கு எதிரே கிடக்கும் முத்துவராட்டுப் பார், கரைத்தீவுப் பார் என்பவற்றைக் கடந்து, தெற்கே சிலாபப் பார் வரையும் சிப்பி விளையும் நிலம் கடலடியிற் பரந்து கிடக்கின்றது. 1344ஆம் ஆண்டில் இக்கரையை அடைந்த மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூத்தா, தாம் ‘பத்தாளா’ எனக் குறிக்கும் துறையில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதையும், அரசன் முன்னிலையில் முத்துக்கள் தரம் பிரிக்கப்பட்டதையும் எழுதி வைத்தார். அத்துறை இன்றைய புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு.

அக்காலத்திலும் அதற்குப் பின் பல நூற்றாண்டுகளிலும் முத்தெடுக்கும் முறை ஒன்றாகவே இருந்தது. குளியாள் கல்லைக் காலிற் பிணைத்துக் கடலில் இறங்குவான். தோணியில் நிற்பவன் கயிற்றைப் பிடித்திருப்பான். மேலே வந்த சிப்பிகள் கரையிற் குவிக்கப்பட்டு அழுகவிடப்படும். பல நாள் கழித்து அவற்றைக் கழுவித் தேடினால் முத்து அகப்படலாம், அகப்படாமலும் போகலாம். எந்தச் சிப்பியில் முத்துண்டு என்பதைத் திறவாமல் அறிய வழியில்லை. ஆகவே ஒரு நல்ல முத்துக்காக நூற்றுக்கணக்கான வெறுஞ் சிப்பிகள் மடிந்தன. 1905ஆம் ஆண்டுக் குளிப்பிலே மாத்திரம் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை பயனின்றி அழிந்தவையே.

உடைக்காமல் உள்ளே பார்த்தல் கூடுமா? இந்தக் கேள்வியே இக்கரையின் வரலாற்றையும் கதிர்க்கருவியின் வரலாற்றையும் ஓரிடத்திற் சந்திக்கச் செய்தது. அச்சந்திப்பையும், அதிலிருந்து இன்றுவரை தொடரும் ஒரு பொறுப்பையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், செருமனி தேசத்து வூர்ட்சுபேர்க்கு நகரில் பௌதிகப் பேராசிரியர் உரொஞ்சன் என்பவர், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயொன்றினூடாக உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரத்தைச் செலுத்திய வேளையில், கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைக் கதிர் அதிலிருந்து புறப்படுவதைக் கண்டார். அதன் தன்மை விளங்காமையால் அதற்கு ‘எக்ஸ் கதிர்’ என்று பெயரிட்டார்.  உரொஞ்சன் தம் மனைவியின் கையெலும்பைப் படம் பிடித்த செய்தியை உலகம் நன்கு அறியும். அவர் தமது வேட்டைத் துப்பாக்கியையும் படம் பிடித்து இரும்பினுள்ளே இருந்ததைக் கண்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மருத்துவத்துக்குப் பயன்பட்ட கதிர் தொழிலுக்கும் பயன்படும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சு தேசத்து அறிஞர் இரஃபாயேல் துய்புவா, முத்துச் சிப்பியை எக்ஸ் கதிர் கொண்டு ஆராயலாம் என்ற கருத்தை வெளியிட்டார். சிப்பியின் ஓட்டை ஊடுருவுங் கதிர், உள்ளே இருக்கும் முத்தை நிழலாகக் காட்டும். முத்துள்ளதை எடுத்துக்கொண்டு, இல்லாததை மீண்டும் கடலில் இடலாம். ஈழத்து முத்துப் பார்களைப் பேராசிரியர் ஏட்மன் என்பவர் 1902ஆம் ஆண்டில் வந்து ஆராய்ந்திருந்தார். அவருக்குத் துணையாக வந்தவர் ஓர்ணல். 1906ஆம் ஆண்டு தொடக்கம் இப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வீதம் எடுத்த ஆங்கிலக் கம்பனியின் காலத்தில், எக்ஸ் கதிரினாற் சிப்பியைச் சோதிக்கும் முயற்சியும் தலைகாட்டியது. கதிர் கண்டறியப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் நிரம்பு முன்னரே, மருத்துவமனைச் சுவரைக் கடந்து, ஒரு கடற்றொழிலின் கருவியாகும் நிலையை அது எய்திற்று.

அம்முயற்சி நிலைபெறவில்லை. 1907ஆம் ஆண்டுக்குப் பின் பார்கள் வறண்டன. குத்தகைக் காலம் முடியு முன்னரே கம்பனி விலகிற்று. 1925ஆம் ஆண்டில் நடந்த குளிப்போடு இக்கரையின் பெரிய முத்துக்குளிப்புகள் ஓய்ந்தன. எனினும் அம்முயற்சி எதைக் காக்கக் கருதியது என்பது சிந்திக்கத்தக்கது. அது சிப்பியைக் காக்கக் கருதியது. முத்தைக் காக்கக் கருதியது. முதலிட்டவரின் இலாபத்தைக் காக்கக் கருதியது. கருவியின் அருகே நாள் முழுதும் நிற்க வேண்டிய மனிதனைக் காக்கும் அளவு எதுவும் அன்று உலகில் எங்குமே வகுக்கப்பட்டிருக்கவில்லை.

வகுக்கப்படாமைக்குக் காரணம் அறியாமை மாத்திரமன்று. 1896ஆம் ஆண்டிலேயே கதிர் பட்ட தோல் சிவந்து புண்ணாதல் பல நாடுகளிற் காணப்பட்டது. அமெரிக்க அறிஞர் எலிகு தொம்சன் தம் சிறு விரலை வேண்டுமென்றே கதிரில் நாள்தோறும் பிடித்து, அது வீங்கிப் புண்ணாவதைப் பதிவு செய்தார். எடிசனின் தொழிற்சாலையில் எக்ஸ் கதிர்க் குழாய்களைச் செய்து சோதித்த கிளாரன்சு டாலி என்பவர், குழாய் செவ்வனே இயங்குகிறதா என்பதை அறியத் தம் கையையே திரைக்கு முன் நீட்டிப் பார்ப்பது வழக்கம். புண் புற்றாயிற்று, கைகள் வெட்டப்பட்டன, 1904ஆம் ஆண்டில், நாற்பது வயது நிரம்பு முன்னரே அவர் இறந்தார். எடிசன் அவ்வாராய்ச்சியையே கைவிட்டார். ஆயினும் கதிரின் தீங்கு உடனே தோன்றுவதில்லை. தீயைத் தொட்டவன் கையை இழுத்துக்கொள்கிறான்; கதிரைத் தொட்டவனுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும் என்ற உணர்வே எழுவதில்லை. வலி வரும்போது செயல் முடிந்துவிட்டிருக்கும்.

அக்காலக் கருவிகளில் இன்னொரு தீங்கும் உடனிருந்தது. எக்ஸ் கதிரைப் பிறப்பிக்கப் பல பத்தாயிரம் வோல்ற்று மின்னழுத்தம் வேண்டும். இன்று வீட்டில் வழங்கும் மின்சாரம் 230 வோல்ற்று. தொழிற்சாலையில் உலோகத்தைச் சோதிக்கும் எக்ஸ் கதிர்க் குழாயிலோ ஒரு இலட்சம் முதல் மூன்று இலட்சம் வோல்ற்று வரை நிலவும். முற்காலத்தில் இந்த உயரழுத்தத்தைக் கொண்டுசென்ற கம்பிகள் உறையின்றி அறையின் மேற்புறத்திலே தொங்கின. அவற்றைத் தீண்டி உயிரிழந்தவர்களும் உளர். 1920களில் குழாயைக் காப்புறையினுள் அடக்கும் அமைப்புகள் வந்தன. ஒல்லாந்து தேசத்துப் பவ்வர்சு என்பார் வகுத்த குழாய் அவற்றுட் புகழ்பெற்றது. உறை கதிரைத் தடுத்தது. பின்னர் வந்த உறையிட்ட கம்பிகளும் எண்ணெயில் அமிழ்த்திய குழாய்களும் மின்னதிர்ச்சியையும் தடுத்தன.

விதிகளும் மெல்ல மெல்லத் தோன்றின. பிரித்தானியாவில் 1921ஆம் ஆண்டில் கதிர்க் காப்புக் குழுவொன்று அமைந்தது. 1928ஆம் ஆண்டு சுதொக்கோம் நகரிற் கூடிய கதிர் மருத்துவர் மாநாடு, சர்வதேசக் குழுவொன்றை நிறுவிற்று. 1934ஆம் ஆண்டில் அக்குழு, ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு ஏற்கத்தகும் கதிரின் அளவை முதன் முதலாக எண்ணாற் குறித்தது. 1936ஆம் ஆண்டில் ஆம்பூர்க்கு நகர மருத்துவமனை முற்றத்தில், கதிரால் உயிர்நீத்த 169 பேரின் பெயர் பொறித்த கல்லொன்று நாட்டப்பட்டது. அதன் பின்னும் பல பெயர்கள் சேர்க்கப்பட்டன. விதி ஒவ்வொன்றும் கல்லில் ஒரு பெயர் எழுந்த பின்னரே ஏட்டில் எழுந்தது எனலாம்.

இதுவரை கூறியது மின்சாரத்தாற் பிறக்குங் கதிரைப் பற்றியது. மின்சாரத்தை நிறுத்தினால் அக்கதிரும் நின்றுவிடும். இயற்கையில் மற்றொருவகைக் கதிர் உண்டு. அதனை நிறுத்துவார் இல்லை. அதன் வரலாற்றிலும் ஈழத்துக்குப் பங்குண்டு. யாழ்ப்பாணத் தமிழ்க் குடியிற் பிறந்த சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்தக் குமாரசுவாமியைக் கலைஞானியாகவே பலரும் அறிவர். அவர் முதலில் நிலவியல் அறிஞர். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளர். சப்பிரகமுவப் பகுதியிற் கிடைத்த கனமான கருங்கனியொன்றை 1904ஆம் ஆண்டில் அவர் விவரித்தார். அது புதிய இனம் என இலண்டனில் தெளிந்து, ‘தோரியனைற்று’ எனப் பெயரிடப்பட்டது. டாலி இறந்த அதே ஆண்டு அது. அடுத்த ஆண்டில் ஒட்டோ ஆன் என்ற செருமானிய இளைஞர், ஈழத்திலிருந்து சென்ற அக்கனியை இராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஆராய்ந்து, கதிர்த்தொழிற்பாடுடைய புதிய பொருளொன்றைக் கண்டார். பின்னாளில் அணுப்பிளவைக் கண்டவரும் அவரே.

தோரியனைற்றுக்கு மின்சாரம் வேண்டியதில்லை, ஆளியும் இல்லை. மண்ணுக்குள் கிடக்கும்போதும் பெட்டிக்குள் கிடக்கும்போதும் அது கதிரை வீசிக்கொண்டே இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், அணு உலைகளிலே செயற்கையாக ஆக்கிய கொபால்ற்று-60, இரிடியம்-192 முதலியவை இவ்வாறே தொழிற்சாலைகளுக்கு வந்தன. விரலின் நுனியளவான ஓர் உலோகத் துண்டு, தடித்த உருக்கினூடாகப் படம் பிடிக்கப் போதும். மின்சாரம் எட்டாத இடத்துக்கும் கொண்டுசெல்லலாம். இரிடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 74 நாள் ஆகும். கொபால்ற்றுக்கு ஐந்தாண்டுக்கு மேலாகும். வேலை முடிந்ததும் அத்துண்டை ஈயம் முதலிய கன உலோகத்தாலான பெட்டிக்குள் இழுத்து அடைப்பதன்றி, அதனை அணைக்கும் வழி வேறில்லை.

இனிப் புத்தளக் கரைக்கு மீள்வோம். ஈழத்தின் முதற் சீமெந்து ஆலை 1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறையில் உற்பத்தி தொடங்கிற்று. அதன் பின் புத்தளத்துக்கு அணித்தான பாலாவியிலும் பேராலையொன்று எழுந்தது. அருவக்காட்டுச் சுண்ணக்கல் இருப்புப்பாதை வழியே அங்கு வந்து சேரும். கற்பிட்டிக் குடாநாட்டில், உப்பளங்களுக்கும் மீன்வாடிகளுக்கும் அயலே, நுரைச்சோலையில் நிலக்கரி அனல் மின்னிலையம் அமைந்தது. 300 மெகாவாற்று ஆற்றலுள்ள அதன் முதற் பகுதி 2011ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டில் மூன்று பகுதிகளும் நிறைவெய்தி 900 மெகாவாற்று ஆயிற்று. இலங்கையின் மிகப் பெரிய அனல் மின்னிலையம் அதுவே.

இத்தகைய ஆலைகளில் உலகெங்கும் கதிர்க்கருவிகள் வழங்குகின்றன. சீமெந்து ஆலையில், கல்லின் பொடியில் எந்த மூலகம் எவ்வளவு உண்டென்பதை எக்ஸ் கதிர் கூறும். அனல் நிலையத்தில், ஆயிரக்கணக்கான கொதிகலக் குழாய்ப் பொருத்துகள் உட்குறையின்றி உள்ளனவா என்பதைக் கதிர்ப்படம் கூறும். சிப்பியைத் திறவாமல் முத்தைக் காண விரும்பியவர்கள் விரும்பியதும் இதுவேயன்றோ? பொருளை உடைக்காமல் உள்ளே காணுதல் என்ற பழைய ஆசை, சிப்பியை விட்டு உருக்கில் நிறைவேறியது.

ஆனால் மின்னிலையங்களிலே இவ்வாசைக்கு மனிதர் கொடுத்த விலையும் உண்டு. 1984ஆம் ஆண்டில் மொறொக்கோ நாட்டு மொகமதியா நகரில் கட்டப்பட்டுவந்த மின்னிலையமொன்றில், குழாய்ப் பொருத்துகளைச் சோதிக்கப் பயன்பட்ட இரிடியம் துண்டு கழன்று நிலத்தில் விழுந்தது. வழியிற் கண்ட ஒருவர் அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். எட்டுப் பேர் இறந்தனர். 1996ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஈரான் நாட்டுக் கீலான் மின்னிலையத்தில், தொழிலாளி ஒருவர் பளபளப்பான உலோகத் துண்டொன்றைக் கண்டு தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். மார்பில் ஆழ்ந்த புண்ணோடு உயிர்தப்பினார். 1999ஆம் ஆண்டு பெப்ரவரியில் பெரு நாட்டு யனாங்கோ நீர்மின்னிலையத்தில், பற்றவைப்புத் தொழிலாளி ஒருவர் அவ்வாறே ஒரு துண்டைக் காற்சட்டையின் பின்பையில் இட்டுக்கொண்டு வீடு சென்றார்; தமது காலை இழந்தார். மூன்றிடத்தும் நேர்ந்தது ஒன்றே. வேலை முடிந்தபின் கதிர்மானியைக் கையிற் கொண்டு, துண்டு பெட்டிக்குள் மீண்டதா என்று அளந்து பார்த்திருந்தால், இம்மூன்றும் நிகழ்ந்திரா.

ஒரு சிறு கணக்கு இதன் காரணத்தைக் காட்டும். கதிரின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும். பத்து அடி தூரத்தில் நிற்பவன் இருபது அடிக்கு விலகினால் அவன்மேற் படுவது நாலில் ஒன்றாகும். நூறு அடிக்கு விலகினால் நூறில் ஒன்றாகும். மறுதலையாக, தூரம் சுருங்கச் சுருங்கச் செறிவு பெருகும். சட்டைப்பையில் தூரமே இல்லை. ஆகவே கதிர்க்காவல் மூன்று சொற்களில் அடங்கும்: குறைந்த நேரம், நிறைந்த தூரம், இடையில் தடுப்பு. தொழிலாளி ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெட்டுக்கு மேல் ஏற்றல் ஆகாது என்றும், பொதுமக்களுக்கு அது 1 மில்லிசீவெட்டே என்றும் இன்றைய சர்வதேச விதி கூறும்.

மின்சாரத்துக்குரிய காவல் வேறு. கருவியின் உலோக உடல் நிலத்தோடு இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். கதவு திறந்தால் மின்சாரம் தானே அறுதல் வேண்டும். பழுது பார்ப்பவர் ஆளியை நிறுத்திப் பூட்டி, திறப்பைத் தம்மிடமே வைத்திருத்தல் வேண்டும். நிறுத்திய பின்னும் கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கி நிற்கும். அதனை இறக்காமல் கைவைப்பவர் உயிருக்கு உறுதியில்லை. உப்புக் காற்று வீசும் புத்தளக் கரையில் இன்னொன்றையும் கருதல் வேண்டும். காவலிகளின்மேற் படியும் உப்பு, இரவுப் பனியில் நனைந்து மின்சாரத்துக்கு வழிவிடும். நிலத்தொடுப்புக் கம்பியின் இணைப்பை அரித்து, தோற்றத்தில் இருக்கும் காவலைப் பொருளற்றதாக்கும். மலைநாட்டில் ஆண்டுக்கொருமுறை செய்யும் சோதனை இங்கே போதாமற் போகலாம்.

இவ்விரு தீங்குகளும் ஒரே தொழிற்றளத்தில் அருகருகே இருப்பதிலேதான் பெரிய இடர் உண்டு. மின்றொழிலாளிக்கு வாழ்நாளெல்லாம் கற்பிக்கப்படுவது ‘ஆளியை நிறுத்து, பின்பு தொடு’ என்பது. எக்ஸ் கதிர்க் குழாய்க்கு அப்பாடம் பொருந்தும். இரிடியத்துக்கோ அப்பாடமே கொலைப்பாடம். விளக்கு அணைந்திருக்கும், பொறி ஓய்ந்திருக்கும், ஒலி இராது, வெப்பம் இராது, கதிர் மாத்திரம் இருக்கும். ஒன்றிலே கற்ற நல்ல பழக்கம் மற்றொன்றிலே தவறான துணிவைத் தரும். எக்கருவி மின்சாரத்தால் இயங்குவது, எக்கருவி தானே கதிர்வீசுவது என்ற வேறுபாட்டைத் தளத்திலுள்ள கடைசித் தொழிலாளியும் அறிந்திருத்தல் வேண்டும். பொறியியலாளர் மாத்திரம் அறிந்திருந்தாற் போதாது. மொகமதியாவிலும் யனாங்கோவிலும் துண்டை எடுத்தவர் பொறியியலாளர் அல்லர்.

சட்டத்தளவில் இலங்கை பின்தங்கிய நாடன்று. தொழிற்சாலைக் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலேயே வந்தது. சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் தோன்றிய 1957ஆம் ஆண்டிலேயே இலங்கை அதில் உறுப்பு நாடாயிற்று. 1969ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அணுசக்தி அதிகார சபையை ஆக்கிற்று. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டமோ, கதிரைப் பயன்படுத்த ஊக்குவிக்கும் பணியையும் அதனைக் கட்டுப்படுத்தும் பணியையும் இரு வேறு நிறுவனங்களுக்குப் பிரித்தளித்தது. ஊக்குவிப்பவரே காவலராகவும் இருத்தல் தகாது என்ற தெளிவு அதில் உண்டு. உரிமமின்றிக் கதிர்ப்பொருளை வைத்திருப்பது குற்றமாகும்.

எனினும் சட்டம் கொழும்பில் இருக்கிறது. துண்டு விழுவது தளத்திலே. இரண்டுக்கும் இடையே நிற்பது அறிவித்தற் பலகை ஒன்றே. மூவிதழ் வடிவான பழைய கதிர்க்குறியை விசிறியென்றும் பூவென்றும் கருதுவோர் உலகிற் பலர். ஆகவே 2007ஆம் ஆண்டில், கதிர் வீசும் குறியோடு மண்டையோட்டையும் ஓடும் மனிதனையும் சேர்த்துப் புதிய எச்சரிக்கைக் குறியொன்று வெளியிடப்பட்டது. எழுத்தறியாதவரும் ‘ஓடு’ என்று உணரத்தக்கதாக அது பதினொரு நாடுகளிற் சோதிக்கப்பட்டது. குறியே இத்துணை ஆராயப்பட வேண்டுமாயின், சொல்லைப் பற்றிக் கூற வேண்டுமோ? புத்தளக் கரையில் தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் அயலவராய் வாழ்கின்றனர். உடப்பிலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் கூலிக்கு வரும் இளைஞன் படிக்கும் மொழியில் எழுதப்படாத எச்சரிக்கை, அவனைப் பொறுத்தவரை எழுதப்படாத எச்சரிக்கையே. நிரந்தர ஊழியருக்கு அளவுமானியும் பயிற்சியும் கிடைக்கலாம். ஒப்பந்தக்காரரோடு ஒரு கிழமைக்கு வந்துபோகும் ஆளுக்கு எவர் கற்பிப்பார்? உலக விபத்துகளின் வரலாறு இவ்வினாவையே திரும்பத் திரும்ப எழுப்புகின்றது.

பள்ளிக்கூடங்களுக்கும் இதிற் கடமையுண்டு. எக்ஸ் கதிரைக் கண்டவர் யார், எவ்வாண்டிற் கண்டார் என்ற வினாவுக்கு மாணவர் விடை எழுதுகின்றனர். நிலத்திற் கிடக்கும் பளபளப்பான துண்டை எடுக்கலாகாது, விலகி நின்று பிறரையும் விலக்கி மேலாளருக்கு அறிவித்தல் வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்துக் கற்பித்தால், அப்பாடம் ஒருநாள் ஓருயிரைக் காக்கலாம்.

முத்துக்குளிப்புக் காலத்திலே குளியாளின் உயிர் அவன் கையில் இருக்கவில்லை. கடலடியில் அவனுக்கு மேலே நடப்பது தெரியாது. தோணியில் நின்றவனே கயிற்றின் அசைவை உணர்ந்து, காலம் தாழ்த்தாது அவனை மேலே இழுத்தான். குளியாள் முத்தைத் தேடினான். கயிறு பிடித்தவன் குளியாளைக் கவனித்தான். அவன் கண் சிப்பியின்மேற் சென்றிருந்தால் மனிதன் இறந்திருப்பான். இன்றைய கதிர்த்தளத்தில் மானியைப் பிடித்து நிற்பவரின் கடமையும் அதுவே. கருவி உருக்கின் உள்ளே பார்க்கட்டும். அவர் பார்க்க வேண்டியது கருவியின் பக்கத்தில் நிற்கும் மனிதனை.